மூடிய கிணற்றின் மேல் ஒரு ரூம்

இந்தக் காலத்து ஜனத்துக்கு வரவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை. குடியிருந்த ரூமைக் காலி செய்கிறவன் சாவியைக் கையில் கொடுத்து, வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தானே போக வேண்டும்? அப்பாதுரை பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்டு, விடிவதற்குள் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான். இவனுக்கு முன்னால் இருந்தவனும் அப்படித்தான்.

முனிரத்தினத்துக்கு எரிச்சல் அடங்கவில்லை. முடிச்சூர் நிலமெல்லாம் பிளாட்டாகி, பெண்டாட்டி தாயாரம்மாளும் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் வேண்டும் என்றுதான் பின்பக்கத்துக் கிணற்றை மூடி அதன்மேல் அந்த ரூமைக் கட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால்தான் இவருக்குத் தூக்கம் வரும்.

நாளைக்கு ஒரு குடும்பம் பார்க்க வருகிறது. சாயங்காலம் துடைப்பத்தோடு போனார். பக்கத்து வீட்டுச் செல்வமேரி மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

"நைனா, மூடும்போதே மேஸ்திரி சொன்னாரு. கெணறு மூச்சு வுட ஒரு பைப்பு வெச்சிருந்தா இன்னா கொறஞ்சி பூடும்?"

"கெணறு இன்னா உன் வூட்டுக்காரனா, கொறட்ட வுட்டுகினு கெடக்க? போம்மா."

அவள் சிரிக்கவில்லை. "கீழேர்ந்து யாரோ தட்டிகினே கீறாங்கன்னு அந்தப் பொண்ணு அழுதுச்சி நைனா."

தலை மதிலுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

ரூமுக்குள் ஐப்பசி மழையின் ஈர வாடை. அதற்கும் அடியில், வெயிலே படாத பாசியும் சேறும் கலந்து, வருஷக்கணக்காக அடைத்துவைத்த மூச்சை யாரோ மெல்ல வெளியே விடுகிற மாதிரி வேறொரு வாடை. ஜன்னலோரம் அப்பாதுரை விட்டுப்போன ஒரு படக்கதைப் புத்தகம் கிடந்தது. மீசை வைத்த ஆம்பளை படிக்கிற புத்தகமா இது?

எழுத்துக்கூட்டப் பொறுமையில்லை. படத்தை மட்டும் பார்த்தார். கடலுக்கடியில் ஒரு ஊர். இடுப்பில் பிள்ளையோடு பெண்கள். கரையில் இருக்கிற மனிதர்கள் கப்பல் கப்பலாகக் கல்லும் மண்ணும் கொண்டுவந்து அவர்கள் தலையில் கொட்டுகிறார்கள். கடல் ஜனம் ஈட்டியோடு மேலே வருகிறது. சண்டை. இரண்டு பக்கமும் சாவு. முடிவில் கரைக்காரர்கள் அவர்கள் ஏறிவரும் வழியையே இரும்பு மூடி போட்டு அடைத்துவிடுகிறார்கள்.

கடைசிப் படம் முழுக்க இருட்டு. மூடிக்குக் கீழே, மேல்நோக்கி விரித்த உள்ளங்கைகள். எண்ண முடியாத அளவுக்கு.

"புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாம்?" புத்தகத்தை மூலையில் எறிந்தார்.

தட்டும் சத்தம்.

கதவில் இல்லை. காலுக்கடியில். அவசரமே இல்லாத தட்டு. சொந்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

குனிந்து பார்த்தார். சிமெண்டுத் தரையில் ஈரக் கறை. ஐந்து விரல். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் ரொம்பச் சின்னதாக ஒன்று.

"ஓதம். மேஸ்திரி சிமெண்டுல ஏமாத்திட்டான்."

வலது காலைத் தூக்கினார். பாதம் இருந்த இடத்தில் ஒரு கை.

இடது காலின் கீழும் சில்லென்றது.

வெளியே வந்து பூட்டினார். சாவியை இடுப்பில் செருகினார். நாளைக்கு வருகிறவர்களிடம் ஓதம் என்றே சொல்லிவிடலாம். பின்வாசல் சிமெண்டில் நடந்தார்.

பூட்டிய ரூமுக்குள் யாரோ இருமினார்கள். நெஞ்சு நிறையத் தண்ணீர் கட்டிய இருமல்.

நிற்கவில்லை. "ஓதந்தான்," என்றார். நடந்தார்.

அவர் மிதித்த இடங்களில் பாதத் தடம் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கைகள். வீட்டுக்குள், கட்டிலுக்கு முன்னால், அவர் அடுத்த அடி வைக்கப்போகிற இடத்தில், ஒரு கை முன்கூட்டியே விரிந்து ஈரமாகக் காத்திருந்தது.