அக்காவும் கூட வருகிறாள்

இணைய ஏலத் தளத்தில் ஏமாறாமல் பொருள் வாங்குவது எப்படி என்று எனக்குப் பாடம் எடுத்தவள் எங்கள் கண்ணாடிக் கடையின் கவுன்ட்டர்காரி. நான் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். மிஷின் சத்தத்தில் நாளெல்லாம் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். மதியம் டப்பாவைத் திறக்கும்போதுதான் அவள் வாயும் திறக்கும். திறந்தால் லேசில் மூடாது.

"விக்கிறவங்களைப் பத்தி மத்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு முதல்ல படி. புதுசா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. தளத்துக்கு வெளிய பணம் கேட்டா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடு. நேர்ல போய் எடுக்கிறதா இருந்தா பகல்ல போ. தனியா மட்டும் போயிடாதே."

கடைசி வரியில்தான் மாட்டிக்கொண்டேன்.

"நீ கூட வர்றியா?" என்று கேட்டேன்.

"லீவு நாள்னா வீட்ல என்னை விடவே மாட்டாங்கடி."

அவளுக்கு வீடு நிறைய ஆட்கள். அப்பா, அம்மா போன பிறகு எனக்குக் கூப்பிட ஒரு நாதி கிடையாது. சமையல் மேடை ஓரமாக நின்றபடியே சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போய்த்தான் பிரம்பு நாற்காலிக்கு ஏலம் கேட்டேன். எனக்கு ஒன்று போதும். விற்கிறவர் ஜோடியாகத்தான் தருவாராம். ஏலம் எனக்கே முடிந்தது. எடுத்துக்கொள்ள வருவதாக விற்கிறவருக்குச் செய்தி அனுப்பும்போது கூடவே ஒரு வரி சேர்த்தேன்.

'அக்காவும் கூட வர்றாங்க.'

எனக்கு அக்கா இல்லை. நான் ஒற்றைப் பிள்ளை. இருந்தாலும் அதை எழுதியதும் மனதுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

பழைய அடுக்குமாடி. பட்டப்பகலிலும் மாடிப்படி இருட்டாக இருந்தது. ஈரத் தலைமுடியின் வாடை வந்தது. நான் ஏற ஏற என் செருப்புச் சத்தம் இரட்டிப்பாகக் கேட்டது. பழைய கட்டடம், எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்த பெரியவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"வாங்கம்மா. நீங்களும் வாங்க."

உள்ளே போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றை என்னிடம் தந்துவிட்டு, மற்றதை எனக்குப் பக்கத்து இடத்துக்கு நேராக வைத்தார். பாவம், பார்வை மங்கல் போலிருக்கிறது, நம் கடைக்கு வரச் சொல்லலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் நான் போனில் காட்டிய ஏல ரசீதின் பொடி எழுத்தை அவர் கண்ணாடி போடாமல் எட்ட நின்றே படித்தார்.

பிறகு என் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார். "அக்கா தொப்பலா நனைஞ்சிருக்காங்களே. துண்டு தரட்டுமா?"

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கைக்கு வந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினேன். பின்னாலிருந்து அவர் சொல்வது கேட்டது. "பதறாம போம்மா. இன்னொண்ணை அக்கா எடுத்துட்டு வருவாங்க."

ஒரு நாற்காலியோடு வீடு வந்து சேர்ந்தேன். கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் அப்படியே நின்றேன். மற்றது போனால் போகட்டும்.

பொழுது சாயும் நேரத்தில் குப்பையை வெளியே வைக்கக் கதவைத் திறந்தேன்.

இன்னொரு நாற்காலி வாசலில் இருந்தது.

அதன் பிரம்பு ஈரமாக இருந்தது.

வெளியே விட்டுவைக்கவும் பயம், உள்ளே எடுக்கவும் பயம். கடைசியில் எடுத்துத்தான் வைத்தேன். சாப்பிட உட்காரும்போதெல்லாம் எதிர் நாற்காலியின் பிரம்பு லேசாகத் தொய்ந்து கொடுக்கும். அந்த ஈரமுடி வாடை அறைக்குள் வந்து நிற்கும். சோறு இறங்காது. பொறுத்துப் பார்த்துவிட்டு, அதே தளத்தில் இரண்டையும் விற்பனைக்குப் போட்டேன்.

வாங்க வந்தவர்கள் கணவன், மனைவி. பகலில், ஜோடியாக வந்திருந்தார்கள். அவர்களுக்கும் யாரோ பாடம் எடுத்திருக்க வேண்டும். கணவர் முதல் நாற்காலியை வாசலில் கொண்டுபோய் வைத்தார். இரண்டாவதைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"அவங்க எந்திரிக்கட்டும்," என்றார் மரியாதையாக.

நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்க. அவங்க அழறாங்க பாருங்க."

அவர் முதல் நாற்காலியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவள் மட்டும் படியில் நின்று என்னிடம் கிசுகிசுத்தாள். "உங்களுக்குள்ள என்ன பிரச்சினையோ, எனக்குத் தெரியாது. கூடப்பிறந்தவங்களை இப்படி அழ வைக்காதீங்கம்மா."

கதவைச் சாத்தினேன். நாற்காலியில் யாரும் இல்லை. அதன் அடியில் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

அக்கா அழுகிறாளாம். அவளாக வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன். ஒரு நாளைக்குத் துணையாக வந்தால் போதும் என்று நினைத்துக் கூப்பிட்டேன், காரியம் முடிந்ததும் விற்கப் பார்த்தேன்.

போனை எடுத்து விளம்பரத்தை நீக்கினேன். நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வாழ்க்கையில் முதன்முதலாக வாய்விட்டு அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"அழாதேக்கா. விக்கலை."

பிரம்பு கிரீச்சிட்டது, உட்கார்ந்திருந்த ஆள் எழுந்துகொள்வதுபோல.

அப்போதுதான் நானும் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

பின்னாலிருந்து ஒரு குளிர்ந்த ஈரக் கை வந்து என் கன்னத்தைத் துடைத்துவிட்டது.