அழித்த மூன்று வரிகள்

சிப்பின் வரைபடத்தில் இதுவரை பார்த்திராத ஒரு நிறம் கிடந்தது. கன்றிப்போன கொய்யாவின் உட்புறம் போல மங்கிய சிவப்பு. மேல் அடுக்கு நீலம், அதற்குக் கீழே பச்சை, இணைப்புத் துளைகள் மஞ்சள். இந்தச் சிவப்பு எந்த அடுக்குக்கும் உரியதல்ல. பெய்ரோங் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

காலையில் அவள் செய்தது ஒன்றுதான். எந்த விசை எதைச் செய்யும், எந்த அடுக்கு என்ன நிறம், எது கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று மென்பொருளுக்குச் சொல்லும் ஸ்கிரிப்டைத் திறந்தாள். தைவானின் சின்சூவில், இந்த சிப் கம்பெனிகளில், யாரும் அதைப் புதிதாக எழுதுவதில்லை. முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருடையதை நகலெடுத்துக்கொள்வார்கள். அவளுடையது நாலு கை மாறி வந்தது. அதன் அடியில் இருந்த மூன்று வரிகள் புரியவில்லை. அழித்துவிட்டாள்.

"கடைசி மூணு வரியையா தூக்குனீங்க, அக்கா?" பக்கத்து மேசை ஆகுன் சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டே கேட்டான்.

"என்ன பண்ணுதுன்னே தெரியல. குப்பை மாதிரி கெடந்துச்சு."

"எனக்கும்தான் தெரியாது. என் பொண்டாட்டி என்னை எதுக்குக் கட்டிக்கிட்டான்னும் தெரியாது. அதைப் போய் நோண்டுறனா?"

"நீ தூங்கு போ."

"ரெண்டு மணிக்குள்ள படத்தை அனுப்பிருங்க. இல்லன்னா மேனேஜர் என்னையும் சேத்துத் திட்டுவாரு."

பன்னிரண்டரைக்கு, மதியத் தூக்கத்துக்காக, வழக்கம்போல விளக்குகள் அணைந்தன. சன்னல் மறைப்புகள் இறங்கின. அவளைத் தவிர மற்ற முப்பத்தொன்பது பேரும் மேசைமேல் குட்டித் தலையணை போட்டுக் கவிழ்ந்தார்கள். குளிர்சாதனத்தின் இரைச்சலுக்கு அடியில், இன்னும் போகாத பன்றிக்கறி வாசனைக்கு நடுவில், கடைசி வரிசையிலிருந்து ஒரு குறட்டை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் சிவப்பைப் பெரிதாக்கினாள். சின்னச் சின்னப் பெட்டிகள். எட்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. ஓரத்தில் ஒரு தூண், ஒரு கதவு. மேலிருந்து பார்த்தால் இந்த அறைதான்.

திரை கோளாறு செய்கிறது என்று நினைத்து, புதுப்பிக்கும் விசையை அழுத்தினாள். கடைசி வரிசையில் ஒரு பெட்டி காணாமல் போனது.

குறட்டை நின்றது.

அவள் கவனிக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். இன்னொன்று போனது. மூன்றாவது முறை, அவளுடைய பெட்டிக்கு ஒட்டினாற்போல் இருந்தது போனது. ஆகுனின் கை மேசையிலிருந்து வழுக்கித் தொங்கியது.

"ஆகுன்."

தோளை உலுக்கினாள். உடம்பில் சூடு இருந்தது. முதுகு ஏறவில்லை, இறங்கவில்லை.

"டேய், எந்திரிடா. எல்லாரும் எந்திரிங்க."

குரல் அறையெங்கும் போய் அப்படியே அடங்கியது. ஒரு தலையணைகூட அசையவில்லை.

அழித்ததை மீட்கும் கட்டளையைக் கொடுத்தாள். மீட்க எதுவுமில்லை என்றது. ஆகுனின் ஸ்கிரிப்டிலிருந்து அந்த மூன்று வரிகளை எடுத்துத் தன்னுடையதில் ஒட்டினாள். சேமிக்க விடவில்லை. வேறொருவர் இதைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. அடியில் பெயர். பெய்ரோங்.

கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

விசை தானாக அமுங்கியது.

மிச்சம் முப்பத்தாறு பெட்டி. முப்பத்தைந்து. நகத்தை விசைக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள். நகம் பிய்ந்தது. விசைப்பலகையின் கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். விசை நிற்கவில்லை. அவசரப்படவும் இல்லை. இருபது. கதவுக்கு ஓடினாள். அடையாள அட்டையைக் காட்டினாள். திறக்கவில்லை. பின்னால் அந்தச் சத்தம். டக். டக்.

ஒன்றரைக்கு விளக்குகள் எரிந்தன.

முப்பத்தொன்பது தலைகள். ஒன்றும் நிமிரவில்லை.

திரையில் ஒரே ஒரு பெட்டி மிச்சம். அது மேசையருகில் இல்லை. கதவோரம் இருந்தது. அவள் ஓர் அடி நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது.

அழிக்கத் தேர்ந்தெடுத்ததுபோல அதைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தது.

கம்பியில்லாத பலகையில், விசை மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.