கடைசித் தையல்

கண்மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. யோரிஸ் ஹால்மா இமைக்கப் பார்த்தார், இமை கேட்கவில்லை. பதினோரு வயதில் எடுபிடியாகக் கப்பலேறி, முப்பது வருடத்தில் டச்சுப் போர்க்கப்பலின் தளபதியானவர். அவர் சொல்லுக்கு அசையாதது இந்தக் கப்பலில் எதுவும் கிடையாது. காய்ச்சல் அசதிதான், இன்னும் ஒன்பது நாளில் ஊர், மனைவி பெத்ரொனெல்லாவின் பட்டாணிக் கஞ்சி என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். தார் வாடையும் வினிகர் நெடியும் அறையில் தேங்கி நிற்க, மேல்தளத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய, வைத்தியர் ரோம்கெஸின் விரல்கள் அவர் மணிக்கட்டை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தன.

"நாடி இல்ல. போயிட்டாரு."

இல்லை என்று கத்தினார். குரல் வெளியே வரவில்லை.

கப்பல் பாய் தைக்கும் கிழவன் சீவெர்ட் கித்தான் துணியோடு வந்தான். யோரிஸை அதில் சுற்றி, பிணம் மிதக்காமல் மூழ்கக் காலடியில் இரண்டு பீரங்கிக் குண்டுகளை வைத்து, கீழிருந்து மேலே தைக்கத் தொடங்கினான். யோரிஸுக்கு நம்பிக்கை வந்தது. கப்பலில் செத்தவனுக்குக் கடைசித் தையல் மூக்கின் வழியாகப் போகும். உயிர் மிச்சமிருந்தால் ஊசி எழுப்பிவிடும்.

"வைத்தியரய்யா, மூக்குல ஒண்ணு போட்டுப் பாத்துரவா?"

"வீபேக்குப் போட்டப்ப என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

யோரிஸ் மறக்கவில்லை. போன மாதம் ஊசி பட்டதும் மாலுமி வீபே அலறிக்கொண்டு விழித்தான். எப்படியும் பிழைக்கப்போகாதவனால் கப்பல் முழுக்கக் காய்ச்சல் பரவுமென்று பயந்து, "தைச்சு முடி" என்றார் யோரிஸ். அப்படியே கடலில் தள்ளினார்கள். இனி யாருக்கும் மூக்குத் தையல் கூடாது என்று அன்றே உத்தரவு போட்டார்.

"அவரு உத்தரவ அவரு மேலயே மீறுவியா?" என்றார் ரோம்கெஸ்.

"அதுவும் சரிதான். எந்திரிச்சாருன்னா மொதல்ல என்னத்தான் திட்டுவாரு."

திட்டமாட்டேன் சீவெர்ட். குத்து. தயவுசெய்து குத்து.

துணி தாடையை மூடியது. உதட்டை மூடியது. ஊசி மூக்கைத் தொடாமல் தாண்டிப் போனது. வெளிச்சம் ஒரு கோடாகி, அதுவும் போனது.

கடலில் இறக்கும் பலகை சாய்ந்தது.

குளிர். இறக்கம். காதுக்குள் அழுத்தம்.

பிறகு கடலடியில், வீபே போய்ச் சேர்ந்த இருட்டில், நின்றது. துணிக்கு வெளியே ஒரு விரல் நெற்றியைத் தடவியது. கண்ணைத் தடவியது. நிதானமாக மூக்கைக் கண்டுபிடித்தது.

ஊசி உள்ளே இறங்கியது.

யோரிஸ் இமைத்தார்.