எட்டில் கால் ஊன்றியவன்

சாலவாக்கம் சாலையில் பாதியை அடைத்துக் காயவைத்திருந்த நெல்லின் மேல் தாமோதரனின் பெரிய மோட்டார் பைக் ஏறியதற்கு, மேட்டையோ பள்ளத்தையோ குறை சொல்ல வழியில்லை. வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த பெண்ணின் கண்களை அவன்தான் பார்த்தான்... வண்டியும் பார்த்துவிட்டது போலிருக்கிறது. நேராக அவளிடமே போய், வழுக்கி, படுத்துக்கொண்டது.

நெல்லில் குப்புறக் கிடந்தவனை அவள் எட்டிப் பார்த்தாள்.

"அடி பட்டுச்சா?"

"இல்லீங்க."

"அப்ப ஏந்திரிங்க. நெல்லு நசுங்குது."

எழுந்தான். மூக்கில் ஒரு நெல் ஒட்டியிருந்தது. அதை எடுத்து மரியாதையாகக் குவியலில் சேர்த்தான். அவள் சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட லைசென்ஸ் கீதா?"

"வர்ற வாரம் டெஸ்ட்டு. அதுக்குத்தான் பழகிக்கினு வந்தேன்."

"எங்க நெல்லு மேலயா?"

அதற்குள் மேற்கே கறுத்து, முதல் தூறல் அவள் இமையில் விழுந்தது. இருவரும் அவசரமாக நெல்லை வாரினார்கள். தார்ப்பாயை ஆளுக்கொரு முனை இழுத்துக் கட்டும்போது, அவள் பெயர் ஜெயப்பிரியா என்றும், அதே நாளில் அவளும் ஸ்கூட்டரில் எட்டு போடப் போகிறாள் என்றும் தெரிந்தது. தாமோதரன் மழைக்கு மனசுக்குள் நன்றி சொன்னான்.

மறுநாளிலிருந்து ஏரியோரப் பொட்டலில் இருவரும் பழகினார்கள். கால் தரையில் படாமல் வண்டியை எட்டு வடிவில் ஓட்ட வேண்டும்; பட்டால் ஃபெயில். அவள் ஸ்கூட்டர் ஒரே இழுப்பில் எட்டு எழுதியது. அவனுடையது எட்டு என்று ஆரம்பித்து மூன்று என்று முடிந்தது.

"சக்கரத்தயே மொறச்சிக்கினு இருந்தா எப்டி? எங்க போவணுமோ அங்க பாருங்க."

"அங்கதான் பாத்துக்கினு கீறேன்," என்றான், அவளைப் பார்த்து.

அவள் சட்டென்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். சிவந்த காது மடலை மறைக்க வேறென்ன வழி...

ஒரு சாயங்காலம் கேட்டேவிட்டான். "எங்க அம்மாவ உங்க வூட்ல வந்து பேசச் சொல்லட்டா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்."

இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தே அவன் தூக்கம் போயிற்று.

தேர்வு நாளில் டிரைவிங் ஸ்கூல் பச்சமுத்து ஒரு குட்டி மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி, உன் வண்டில எட்டு வராது. இதுல ஒரு சுத்து சுத்திட்டு, அப்புறமா உன் யானைய ஓட்டிக்க. ஊரே இப்டித்தான் பண்ணுது."

தாமோதரனுக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. கைப்பிடியைப் பிடித்தேவிட்டான்.

"எங்கண்ணன் கார்த்திக்கும் இப்டித்தான் பாஸ் பண்ணான்," என்று பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள் ஜெயப்பிரியா. "அப்புறம் பெரிய வண்டி வாங்கினான். வளைவுல திருப்பத் தெரியல. இன்னிவரைக்கும் வலது கை தூக்க வரல அவனுக்கு... நான்தான் சோறு பெசஞ்சி ஊட்டறேன்."

அவன் மொபெட்டையும் தன் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எத ஓட்டப் போறீங்களோ அதுலயே போடுங்க. இல்லன்னா எங்க வூட்டுப் பக்கம் வராதீங்க. இன்னொரு ஆளுக்காக வாசல்ல நின்னு வண்டி சத்தம் கேட்டுக்கினு இருக்க என்னால ஆவாது."

மொபெட்டை விட்டுத் தன் வண்டியில் ஏறினான். முதல் வளையம் வந்தது. இரண்டாவதிலும் பாதி வந்தது... தேர்வு வைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டரே தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து வண்டி சாய, கால் தரையில் ஊன்றியது.

"திரும்பப் பழகிட்டு வாங்க," என்றார் அவர்.

அடுத்து ஜெயப்பிரியா. கால் படவேயில்லை.

வண்டியை மெக்கானிக் கடையில் விட்டுவிட்டு, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஒதுங்கி நின்றான் தாமோதரன். மறுபடி தூறல். ஸ்கூட்டர் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"வண்டி எங்க?"

"ஒழுங்கா ஓட்டக் கத்துக்கற வரைக்கும் தனியா எடுக்கறதில்லன்னு கீறேன்." ஸ்கூட்டர் பக்கம் ஓரடி வைத்தான். "நான் பாஸ் ஆவற வரைக்கும் காத்துக்கினு இருப்பீங்களா? நேரா ஒரு பதில் சொல்லிடுங்க."

மழைத்துளி தொங்கும் இமைகளைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"மாட்டேன்."

அவன் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உங்களுக்கு எட்டு வர்றதுக்குள்ள எனக்குத் தலை நரச்சிடும்," என்றாள். "அந்த மொபெட்டு மேலருந்து கைய எடுத்தீங்களே... அப்பவே முடிவு பண்ணிட்டேன். எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிகீது. ஞாயித்துக்கிழம அம்மாவ கூட்டிக்கினு வாங்க... பஸ்ல வாங்க."