பாலத்தை மறித்த செம்மறி

ஒரே ஒரு ஆடு. நன்றாகக் கொழுத்த செம்மறியாடு. கோட்டை வாசலில் இருக்கும் மரப்பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

நெரிஸுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மதியம் ஊர் மைதானத்தில் கால்பந்துப் போட்டி. அவள்தான் கோல்கீப்பர். கடல் ஏறிவிட்டால் கோட்டையிலிருந்து போகும் மணல் பாதை மூழ்கிவிடும். பிறகு சாயங்காலம்வரை யாரும் ஊருக்குப் போக முடியாது.

முன்னால் நின்றது பியூவின் கார். அவரும் மகன் மாக்சனும் ஒரு வாரம் கோட்டையில் தங்கிவிட்டு இன்று ஸ்வான்சி நகரத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். பின்னால் நெரிஸின் அம்மாவுடைய வேன். தங்க வருகிறவர்களுக்காகக் கோட்டையைப் பார்த்துக்கொள்வது அம்மாதான்.

பியூ ஹாரனை அமுக்கினார். ஆடு அசைபோட்டது.

"என்னங்க இது! சுத்திலும் பீரங்கி வச்சிருக்கீங்க, ஒரு ஆட்டை விரட்ட முடியலையா?"

"பீரங்கி கப்பலுக்கு சார், ஆட்டுக்கில்ல," என்றாள் அம்மா. காலையிலிருந்து எல்லாப் படுக்கைக்கும் விரிப்பு மாற்றிய எரிச்சல் அவளுக்கு. இத்தனை வருஷத்தில் எதிரிக் கப்பல் ஒன்றுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

பியூ இறங்கிப்போய் ஆட்டைத் தள்ளினார். அம்மா துடைப்பத்தை ஆட்டினாள். ஆடு கொஞ்சம் நகர்ந்தது. அவர்கள் திரும்பியதும் அதே இடத்துக்கு வந்து நின்றது.

"இன்னிக்கு ராத்திரி உன்னை சூப் வச்சிடுவேன் பாரு!" என்று கத்தினாள் அம்மா.

காருக்குள் மாக்சன் வீறிட்டு அழுதான்.

"நல்லா விரட்டுறீங்க போங்க," என்று முணுமுணுத்தபடி நெரிஸ் தலையில் கைவைத்தாள். அப்போதுதான் கவனித்தாள். ஆடு வெளியே இருக்கும் புல்லைப் பார்க்கவில்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் காரின் பின்கதவைத் திறந்தாள். மாக்சனின் மடியிலிருந்த போர்வை அசைந்தது.

"மே..."

"அக்கா, அப்பாகிட்ட சொல்லாதீங்க," என்று விசும்பினான் மாக்சன். "இதுக்குக் குளிருது. எங்க வீட்ல ஹீட்டர் இருக்கு."

நெரிஸுக்கு வாய்வரை திட்டு வந்தது. மூக்கு ஒழுகும் அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே போய்விட்டது.

"பேரு வச்சிட்டியா?"

"பிஸ்கட்."

"பிஸ்கட்டோட அம்மா அங்க நிக்கிறாங்க பாரு. எவ்ளோ விரட்டியும் போக மாட்டேங்கிறாங்க."

மாக்சன் எட்டிப் பார்த்தான். "எங்கப்பா மாதிரியே முறைக்குது!"

பிறகு அவனே போர்வையை விலக்கினான். குட்டி குதித்து ஓடியது. தாய் அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு, யாரையும் திரும்பிப் பாராமல் அழைத்துக்கொண்டு போனது.

"குட்டி எங்கேருந்துடி வந்துச்சு?" என்றாள் அம்மா.

"அதோட அம்மாகிட்ட போயிடுச்சுல்ல? வண்டிய எடும்மா, தண்ணி வருது!"

கடல் பாதையின் ஓரத்தைத் தொட்டிருந்தது. நடுவில் இன்னும் ஈரமில்லை. போட்டிக்குப் போய்விடலாம்.

கார் நகர்ந்தபோது மாக்சன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "அக்கா, அடுத்த வருஷம் வந்தா பிஸ்கட் இருக்குமா?"

"இருக்கும். ஆனா உன் மடியில உட்காராது!"