கறுப்புக் கட்டையில் விழுந்த மூன்று

சிலமலைப் பள்ளியில் சத்துணவு சமைத்த மகாராணி அக்கா போன மாதம் காய்ச்சலில் இறந்துபோனார். பருப்பு வேகும்வரை அடுப்படியில் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருப்பாரே, அவரேதான். திங்கட்கிழமை அவருக்குப் பள்ளியில் அஞ்சலிக் கூட்டம். அந்தப் பாட்டை அவர் மகள் முத்துப்பேச்சி பாட வேண்டும். அவளுடைய தோழி கற்பகம் கீபோர்டு வாசிக்க வேண்டும். இருவரும் ஆறாம் வகுப்பு.

அம்மா போனதிலிருந்து முத்துப்பேச்சி மதியச் சாப்பாட்டு வரிசைக்கு வருவதே இல்லை. பேச்சும் குறைந்துவிட்டது. அவளாக வாய் திறந்து கேட்டது இந்தப் பாட்டை மட்டும்தான்.

கற்பகம் கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளில் ஒன்று முதல் எட்டுவரை எண் எழுதி ஒட்டியிருந்தாள். எந்த எண்ணுக்குப் பிறகு எந்த எண் என்று மனப்பாடம் செய்துதான் வாசிப்பாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில், பாட்டு மேலே ஏறும் இடத்தில் பேச்சியின் குரல் உடைந்தது. அழுதழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.

"வேற யாராச்சும் பாடட்டுமாம்மா?" என்றார் ஒத்திகை பார்த்த விஜயகுமார் சார், மனசே இல்லாமல்.

"எங்கம்மா பாட்டு சார். நாந்தான் பாடுவேன்." பேச்சியின் கண் நிறைந்துவிட்டது.

"கொஞ்சம் கீழ ஆரம்பிச்சாப் பாடிருவா சார்!" என்றாள் கற்பகம். எண்களை உரித்து, எல்லாவற்றையும் இரண்டிரண்டு வெள்ளைக் கட்டை கீழே தள்ளி ஒட்டினாள். வாசித்தாள். ஐயோ! அது வேறு ஏதோ பாட்டாக இருந்தது.

"இந்தக் கீபோர்டு சரியில்ல," என்றாள்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்," என்று கூடப் படிக்கும் பால்பாண்டி சிரித்தான்.

கற்பகம் அவனை முறைத்தாள். ஆனாலும் உள்ளுக்குள் பயம். இது சரியாகாவிட்டால் பேச்சிக்கு அந்தப் பாட்டும் இல்லாமல் போய்விடுமே!

சனிக்கிழமை, கற்பகம் தன் அம்மாவுடன் ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போனாள். மழையில் செடிகள் அடித்துப்போன சரிவில், புதுச் செடி நட அம்மா இடம் குறித்துக்கொண்டிருந்தார். அளவுக் கம்பைப் படுக்க வைப்பார், அதன் நுனியில் ஒரு குச்சி ஊன்றுவார். மறுபடி அங்கிருந்து கம்பை வைப்பார்.

அடுத்த வரிசையில் முதல் குச்சிக்கே பாறை தட்டியது. அம்மா இரண்டடி தள்ளி ஊன்றினார்.

"அப்ப மத்த குச்சியெல்லாம்?"

"அதுகளும் சேந்து தள்ளிப் போகும். கம்பு அதே கம்புதான? வெரசா அந்தக் குச்சியக் கொண்டா ஆத்தா, சோலி கெடக்கு."

கற்பகம் குச்சியோடு அப்படியே நின்றுவிட்டாள். அம்மா அளந்து தள்ளுகிறார். நான் அளக்கவே இல்லையே!

திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகப் பள்ளிக்கு ஓடினாள். எண்களைப் பழைய இடத்தில் ஒட்டி, இந்தத் தடவை கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து, ஒரு கட்டைக்கு ஓர் எட்டு என்று காலடி வைப்பதுபோல எண்ணினாள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு இரண்டு எட்டு. இரண்டிலிருந்து மூன்றுக்கும் இரண்டு எட்டு. மூன்றிலிருந்து நான்குக்கு ஒரே எட்டு, நடுவில் கறுப்புக் கட்டையே கிடையாது!

அதே எட்டுகளை இரண்டு வெள்ளைக் கட்டை கீழே தொடங்கி எண்ணினாள். மூன்றாம் எண் போய்க் கறுப்புக் கட்டையில் விழுந்தது. வாசித்தாள். அதே பாட்டு! இன்னொரு கட்டையில் தொடங்கிப் பார்த்தாள். அங்கேயும் அதே பாட்டு. எண்களை எல்லாம் உரித்துப் போட்டாள்.

மதியத்துக்கு முன் கூட்டம் தொடங்கியது. மாலை போட்ட அம்மாவின் படத்தைப் பார்த்ததும் பேச்சிக்கு என்ன தோன்றியதோ, கீபோர்டுக்குக் காத்திராமல் பாடத் தொடங்கிவிட்டாள். நினைத்ததைவிட இன்னும் தணிந்த குரல்.

கற்பகம் அவசரமாகக் கீபோர்டின் மேல் குனிந்தாள். கட்டைகளை மெல்லத் தொட்டுத் தொட்டுத் தேடினாள். மூன்றாவது தொடலில் ஒன்றாம் எண்ணுக்கான கட்டை அகப்பட்டது. அங்கிருந்து இரண்டு எட்டு, இரண்டு எட்டு, ஓர் எட்டு. இரண்டாம் அடியில் கீபோர்டு பேச்சியோடு சேர்ந்துகொண்டது.

மேலே ஏறும் இடம் வந்தது. பேச்சியின் குரல் நடுங்கியது, ஆனால் உடையவில்லை. கடைசி அடிவரை பாடி முடித்தாள். யாரும் கை தட்டவில்லை. விஜயகுமார் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பத் தணிச்சுட்டேனாடி?" என்று பேச்சி மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா. ஆனா நல்லா இருந்துச்சு."

"எங்கம்மாவும் இவ்வளவு தணிச்சுத்தான் ஆரம்பிக்கும்."

மதிய மணி அடித்தது. முத்துப்பேச்சி பையிலிருந்து தட்டை எடுத்தாள்.

"வெரசா வாடி. முட்டை தீந்துரும்."