தூரக்கண்ணாடியில் தெரிந்த வீடு

"பாலத்தைக் காட்டுறேன்னு காசு வாங்கிட்டு எவன் வீட்டு வாசலையோ காட்டுறீங்களே," என்றார் அன்றைய கடைசி வாடிக்கையாளர், கண்ணை எடுக்காமலே. "அங்க ஒரு ஆளு நனைஞ்சுபோய் நிக்கிறாரு. குளிச்சுட்டுத் துண்டை மறந்துட்டாரோ என்னவோ."

தூரக்கண்ணாடிக்காரன் சிரித்துச் சமாளித்தான். கோட்டை மதில்மேல் இரும்புக் காலில் நிற்கும் அந்தக் குழாயைப் பாலத்துக்கு நேராக வைத்துத் திருகாணியை முடுக்கியது அவன் கைதான். அது தானாகத் திரும்பாது. "வீடு பாக்கத் தனிக் கட்டணம் சார். உங்களுக்கு இனாமா விட்டுட்டேன்," என்று ஆளை அனுப்பிவிட்டுக் குனிந்து பார்த்தான்.

அக்கரையில் ஒரு நீலக் கதவு. அவன் வீட்டுக் கதவு. வாசலில் ஆள் இல்லை. படி மட்டும் ஈரமாக இருந்தது.

மழை பெய்து பல நாளாயிற்று.

கோட்டைப் பூங்காவில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வெட்டிய புல்லின் பச்சை வாசமும், பகலெல்லாம் சுட்ட கல் ஆறும்போது எழும் புழுதி நெடியும், கீழே ஆறு பாறைகளோடு முணுமுணுக்கும் ஓசையும் தினமும் உள்ளவைதான்; ஆனால் அவற்றுக்கு அடியில், பிழியாத துணியை மூட்டைகட்டி மறந்தாற்போல ஒரு பாசி நாற்றம், மதிலின் வெளிப்பக்கத்திலிருந்து மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது முதலாளிகள் இருவர், அவனும் அவன் மனைவியின் அண்ணனும். மச்சான் பேச்சில் வெல்லம், வியாபாரத்தில் கறார். போன மழைக்காலத்தில் மச்சான் பாசியில் வழுக்கி மதிலுக்கு வெளியே தொங்கியபோது, ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தவன் இவன்தான். பிடித்தபடி ஒரு கணம் யோசித்தான். ஒரே கடை, ஒரே முதலாளி. வியாபார புத்தி நேரங்காலம் பார்த்தா கடை விரிக்கிறது? விரல்களைத் திறந்தான். வீட்டில், "நான் போறதுக்குள்ள விழுந்துட்டாரு," என்று சொல்லி மனைவியைவிடச் சத்தமாக அழுதான். ஆறு உடலைத் திருப்பித் தரவில்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

மீண்டும் குனிந்தான். மொட்டைமாடி தெரிந்தது. மனைவி உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு மகள். அருகில் ஒருவர், சட்டை உடம்போடு ஒட்டி, முடி நெற்றியில் வழிந்து. மனைவி பயந்தவளாகத் தெரியவில்லை. நெடுநாள் கழித்து வந்த உறவின் பேச்சைக் கேட்பவள்போலத் தலையைச் சாய்த்திருந்தாள்.

போன் போட்டான். அவள் எடுத்துக் காதில் வைப்பது கண்ணாடியில் தெரிந்தது.

"பாப்பாவைத் தூக்கிட்டுக் கீழ போ. கதவைச் சாத்து."

"எதுக்கு?"

"பக்கத்துல யாரு?"

"தெரியலையா? அண்ணன்."

"உன் அண்ணன் செத்துப்போயிட்டாரு."

"ஆமா. அதைத்தான் சொல்லிட்டிருந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"நீங்க பிடிச்சிருந்ததை. நல்ல பிடியாம். விடுற வரைக்கும் பயமே இல்லையாம் அவருக்கு."

"வீட்டுக்கு வந்து பேசிக்கலாம். நீ என்ன கேட்டாலும் நான்..."

"என்கிட்டயும் பேரமா?"

மதிலின் விளக்குகள் எரிந்தன. பழைய கல் முழுவதும் மஞ்சளாயிற்று, அவனும்தான். காவலாளியின் விசில் எங்கோ கீழே, தொலைவில். பிறகு அதுவும் இல்லை.

கண்ணாடியில் மாடி. மனைவி. மகள். வேறு யாருமில்லை.

"அவர் எங்க?"

"கிளம்பிட்டாரு. அவருக்கென்ன, பாலத்து வழியாச் சுத்தியா வரணும்?"

பாசி நாற்றம் மூக்கை அடைத்தது. பின்னால் கல்லில் ஒரு சொட்டு.

இன்னொன்று. அருகில்.

"இங்கிருந்து நல்லாத் தெரியுது," என்றாள், அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துச் சொல்பவள்போல. "மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு கேக்கணும்னாரு. நின்னு பதில் சொல்லுங்க."

அவன் பின் கழுத்தில் சில்லென்று நீர் விழுந்தது.

திரும்பவில்லை. கண்ணைக் குழாயோடு அழுத்திக்கொண்டான்.

மனைவி போனைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். மகளைத் தன்னோடு இழுத்து அணைத்தாள். உள்ளங்கையால் குழந்தையின் கண்களைப் பொத்தினாள்.

தன் கண்களை அவள் மூடவில்லை.